பூஞ்சை துடைத்த லென்ஸ்

துருவி அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரியும்படி வைத்திருந்தால் அந்த ஆளை அக்கா எப்போதோ கண்டுபிடித்திருப்பார். நேரில் பார்த்தால் எல்லோருக்கும் அவர் ஸ்டுடியோ அக்கா. அவர் தெருமுனை திரும்பியதும் துருவி. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் சீட்டைத் தடவிப் பார்த்து, "ஏன், ஈரமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். ரொட்டி வாங்கினால் பொட்டலத்தில் உள்ள தேதியைப் பார்ப்பார், கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார், மறுபடியும் தேதியைப் பார்ப்பார். 'இலவசம்' என்று எழுதிப் போட்ட கடை இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

அவருடைய கணவரை நான் அண்ணன் என்பேன். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. திருப்புளி. அவருக்கு அதில் மனக்குறை ஒன்றும் இல்லை. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவர் திருகு கழற்றும் மெல்லிய திருப்புளி ஒன்றைச் செருகியிருப்பார். பழுதான பழைய கேமராவும் லென்ஸும் எங்கிருந்து கிளம்பினாலும் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும்.

வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. நடுவில் சாம்பல் நிறத் திரை. திரைக்குப் பின்னால் அண்ணனின் மேசை, அதில் கழுத்து வளையும் விளக்கு, இடுக்கிகள், கழற்றிய திருகுகளைப் போட ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. மேசையை உரசிக்கொண்டு மாடிப்படி. மாடி அறையில் நான் குடியிருந்தேன். வேலைக்குப் போகவும் வரவும் அந்த இரண்டு பேருடைய சண்டைக்கும் சமாதானத்துக்கும் நடுவில் நடந்துதான் ஆக வேண்டும். எனக்கு வேலை நாடக மன்றத்தில். மேடையின் ஓரத்தில் மறைந்து நின்று, நடிகர்கள் மறக்கும் வசனத்தை எடுத்துக் கொடுப்பது. அதே மன்றத்துக்கு நாடகப் படங்கள் எடுத்தவர் அக்கா. ஆகையால் வீட்டில் பார்க்காததை மன்றத்திலும், மன்றத்தில் பார்க்காததை வீட்டிலும் பார்த்துவிடுவேன்.

ஒரு நாள் அக்காவின் அக்கா மகன் அவருக்கு ஒரு டிஜிட்டல் கேமரா கொடுத்துவிட்டுப் போனான். தான் புதிது வாங்கிவிட்டதாகவும், இது சும்மா கிடப்பதாகவும் சொன்னான். அவன் போனதும் அக்கா அதை மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நல்லதா இருந்தா எதுக்குக் குடுக்கிறான்?"

"பாசத்துல குடுத்திருப்பான்" என்றார் அண்ணன்.

"அவனா? சின்ன வயசுல ஒரு மிட்டாய் கேட்டா சப்பிட்டுக் குடுப்பான்."

அந்தக் கேமராவில் ஒரு வசதி இருந்தது. பிடிப்பவர் கை ஆடினால் அதைக் கேமராவே சரிக்கட்டிவிடும். உள்ளே படம் விழும் தகடு, கை ஒரு பக்கம் போனால் எதிர்ப்பக்கம் நகர்ந்து கொடுக்கும். இந்த வேலை கேமராவின் வயிற்றுக்குள்ளேயே நடப்பதால் எந்தக் காலத்து லென்ஸைப் பொருத்தினாலும் பலன் உண்டு. அண்ணன் இதைச் சொன்னபோது அக்கா உதட்டைப் பிதுக்கினார். "அதாவது, என் கைமேல அதுக்கு நம்பிக்கை இல்ல."

ஆனாலும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. அலமாரியில் அவருடைய பழைய ஜூம் லென்ஸ் படுத்திருந்தது. லென்ஸ் தூரத்தை இழுக்கும் அளவை எம்.எம். கணக்கில் சொல்வார்கள். இது எழுபதிலிருந்து இருநூற்றுப் பத்து எம்.எம். வரை போகும்; பின்னுக்கு இழுத்தால் ஆள் கிட்டே வருவார், முன்னுக்குத் தள்ளினால் மேடை முழுக்கத் தெரியும். ஃபிலிம் இருந்த நாளில் நாடகங்களை எல்லாம் அதில்தான் எடுத்தார். ஃபிலிம் போனதும் அதுவும் படுத்தது. படுத்த இடத்தில் பூஞ்சை பிடித்தது. உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நரம்புகள் ஓடியிருந்தன.

அண்ணன் அதைப் பிரித்தார். கண்ணாடி ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்து, அதே வரிசையில், அதே முகம் பார்க்க வைத்து மூடினார். அந்த நாட்களில் அவர் யாரோடும் அதிகம் பேசவில்லை. ஒரு கண்ணாடியை இடுக்கியால் தூக்கும்போது அவர் வலது கை லேசாக நடுங்குவதைப் படியிறங்கும்போது பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 

லென்ஸைப் பொருத்திக் கேமராவை முடுக்கியதும் அதன் திரையில் ஒரு கேள்வி வந்தது. பழைய லென்ஸுக்குப் பேச வாய் இல்லை. புது லென்ஸ்கள் மாதிரித் தன்னைப் பற்றிய விவரத்தை அது கேமராவுக்குத் தராது. அதனால் கேமரா ஆளைப் பார்த்துக் கேட்கிறது, இந்த லென்ஸ் எத்தனை எம்.எம்.?

அக்காவுக்கு முகம் மாறியது. கேள்வி கேட்கும் இயந்திரம் எதற்கும் அவர் இதுவரை உண்மை சொன்னதில்லை. கைப்பேசியில் பிறந்த தேதி கேட்டால் தன் நாத்தனாருடையதைப் போடுவார். கடைகளில் தொலைபேசி எண் கேட்டால் கடைசி இரண்டு எண்ணை இடம் மாற்றிச் சொல்வார்.

"என் லென்ஸோட விவரம் இதுக்கு எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே ஐந்நூறு என்று போட்டார்.

"ஏன் ஐந்நூறு?" என்று கேட்டுவிட்டேன்.

"பெரிய இடம்னு நினைச்சுக்கட்டும், தம்பி. மரியாதையா நடந்துக்கும்."

அண்ணன் அப்போது பின்பக்கம் கை கழுவப் போயிருந்தார். கேமரா ஒவ்வொரு முறை முடுக்கும்போதும் அதே கேள்வியைக் கேட்டது. முந்தைய பதிலையும் காட்டியது. அக்கா ஒவ்வொரு முறையும், ஆமாம், ஐந்நூறுதான் என்று அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தார். அதோடு சரி, அந்த ஐந்நூறு எனக்கும் மறந்துபோனது.

மன்றத்தில் புது நாடகத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேடையில் பாதி இருட்டு. ஃபிளாஷ் கூடாது, நடைபாதையில் கேமரா நிறுத்தும் முக்காலி போடக் கூடாது. நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். அக்கா முதல் வரிசையில் மூச்சை அடக்கி, முழங்கையை விலாவில் ஒட்டவைத்து, சிலை மாதிரி நின்று எடுத்தார். அப்படி நிற்பவருக்குப் படம் ஆடாது.

மறுநாள் மன்றச் செயலாளர் ஸ்டுடியோவுக்கு வந்தார். கணினித் திரையில் படங்களைப் பார்த்தார். ராஜாவுக்கு இரண்டு மூக்கு. ராணியின் முகம் தண்ணீரில் கரைந்த மாதிரி. ஓரத்தில் நின்ற காவலாளியின் ஈட்டி மட்டும் நாலாக இருந்தது.

"அக்கா, நம்ம நாடகத்துல பேய் கிடையாதே" என்றார் செயலாளர். "இதுல எல்லாருமே பேயா இருக்காங்க."

"உங்க மேடையில வெளிச்சம் இல்ல."

"வெளிச்சம் எப்பவும் அவ்வளவுதானே?"

அவர் போனதும் அக்கா லென்ஸைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டினார். தன் பொருள் எல்லாவற்றிலும் ஊசியால் ஒரு கீறல் போட்டு வைப்பது அவர் வழக்கம். லென்ஸின் அடிவளையத்தில் கீறல் இருந்தது. ஆக, வெளி ஓடு தன்னுடையதுதான். அப்படியென்றால் உள்ளே இருக்கும் கண்ணாடி? அவர் பார்வை மெல்லத் திரும்பி சாம்பல் நிறத் திரையில் போய் நின்றது.

விஷயம் இதுதான். சில மாதங்களாகத் தாடிக்காரர் ஒருவர் பழைய லென்ஸ்களைத் தேடி வந்துகொண்டிருந்தார். அலமாரியில் இந்த ஜூமைப் பார்த்ததும் கண்ணை எடுக்காமல் நின்றார். இதன் கண்ணாடி இப்போது கிடைக்காத கண்ணாடி என்றார். கொடுப்பதாக இல்லை என்று அக்கா சொல்லி அனுப்பினார். அனுப்பினாரே ஒழிய, மறக்கவில்லை.

மாலை டீ வைக்கும்போது தொடங்கினார்.

"ஏங்க, அந்தத் தாடி இந்தப் பக்கம் வந்தாரா?"

"வந்தார். ஒரு லென்ஸ் குடுத்துட்டுப் போயிருக்கார், வளையம் இறுகிப் போச்சுன்னு."

"நான் இல்லாதப்போ வந்தாரா?"

"நீ இல்லாதப்போதான் எல்லாரும் வர்றாங்க. நீ இருந்தா பயப்படுறாங்க."

"என் லென்ஸைப் பத்திக் கேட்டாரா?"

"நல்லாருக்கான்னு கேட்டார்."

"லென்ஸ் என்ன அவருக்குச் சொந்தக்காரரா, நலம் விசாரிக்க?"

அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, குரலை ஏற்றாமல், தபால்காரர் கதவெண் கேட்கிற தொனியில் கேட்டார்.

"உள்ள இருந்தது அதே கண்ணாடிதானா?"

அண்ணன் உடனே பதில் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சண்டையாவது வந்திருக்கும். அவர் சொல்லவில்லை. தன் வலது கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அதேதான்" என்றார். அந்தத் தாமதம் போதாதா அக்காவுக்கு? படியில் நின்ற எனக்கே அது சந்தேகமாகப் பட்டது.

அதற்குப் பிறகு வீடு இரண்டாகப் பிரிந்தது. அக்கா திரைக்கு இந்தப் பக்கம், அண்ணன் அந்தப் பக்கம். அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ போகும்போது வரும்போது பாப்பியே. தாடி கையில பொட்டலம் ஏதாவது பார்த்தியா?"

"இல்லக்கா."

"பார்த்தாலும் சொல்ல மாட்ட. நீ அவர் கட்சி."

எனக்குக் கட்சி எதுவும் இல்லை. ஆனால் நான் வேறொன்றைப் பார்த்திருந்தேன். அக்கா கடைக்குப் போயிருந்த மதியங்களில் அண்ணன் அந்த ஜூமை எடுத்துப் பிரிப்பார். கண்ணாடிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எதையாவது தலைகீழாக வைத்துவிட்டோமா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றும் கிடைக்காமல் மறுபடி மூடி, அக்கா வைத்த இடத்திலேயே வைப்பார். அக்கா அவர்மேல் சந்தேகப்பட்டார். அவரோ தன் கைமேல் சந்தேகப்பட்டார். இரண்டாவதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் தாடிக்காரர் தன் லென்ஸை வாங்க வந்தார். அக்கா கணினிக்குப் பின்னால் தலையைத் தாழ்த்தி, காதை மட்டும் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். அண்ணன் லென்ஸை எடுத்து வந்து நீட்டினார். அது வந்த மாதிரியே இருந்தது.

"பிரிக்கவே இல்லீங்க. வேற யாருகிட்டயாவது குடுங்க."

"உங்களை விட்டா யார் இருக்கா?"

"எனக்கு இப்பக் கை வரலீங்க. அவ்வளவுதான். இனிமே வேலை எடுக்கிறதா இல்ல."

தாடிக்காரர் நம்பாமல் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அண்ணன் விளக்கின் கழுத்தை மடக்கி அணைத்தார். சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார். பை தொளதொளவென்று தொங்கியது. அவருடைய சட்டையை அப்படி நான் பார்த்ததில்லை.

அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திருடினவன் முகம் இப்படி இருக்காது என்று அவருக்குத் தெரியும். முகம் பார்த்தே காலம் தள்ளியவர். ஆனால் முகம் சொன்னால் போதுமா? முகமும் பொய் சொல்லும் என்பதுதானே அவர் கட்சி.

மறுநாள் காலை அண்ணன் வெளியே போனதும் அக்கா கதவைச் சாத்தினார். சுவரில் ஒரு செய்தித்தாளை நாலு மூலையும் ஒட்டினார். "தம்பி, நீ சாட்சி. கண்ணாடி மாத்தியிருக்குன்னு இன்னைக்கு நிரூபிக்கிறேன், இல்லன்னா வாயை மூடிக்கிறேன்."

ஜன்னலைப் பாதி மூடி, மேடை அளவுக்கு இருட்டாக்கிக்கொண்டார். கையில் பிடித்து எடுத்தார். எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தன. "பார்த்தியா?" என்றார். பிறகு கேமராவை மேசைமேல் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைத்து, கையால் தொடாமல் தானே எடுக்கும்படி வைத்தார். எழுத்துகள் மணி மணியாக விழுந்தன.

அக்கா கேமராவின் திரையை மூக்குக்கு நேரே கொண்டுபோனார். தனக்குப் பாதகமான சாட்சி வந்துவிட்ட வக்கீல் மாதிரி இருந்தது அவர் முகம்.

"கண்ணாடி கெட்டிருந்தா மேசையில வெச்சாலும் கெட்டுத்தானே இருக்கணும்?"

நான் தலையாட்டினேன்.

"அப்போ என் கையா?" தன் கையை நீட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. சந்தேகப் பட்டியலில் அடுத்தது, அவருடைய அக்கா மகன் கொடுத்த கேமரா. ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதியை நிறுத்திவிட்டுக் கையில் பிடித்து எடுத்தார். லேசாக மங்கல், ஆனால் படிக்க முடிந்தது. மறுபடி வசதியைப் போட்டு எடுத்தார். பேய்.

"ஆட்டத்தை நிறுத்துறவனை நிறுத்தினா ஆட்டம் குறையுது" என்றார் மெதுவாக. "அப்போ ஆட்டுறதே இவன்தான்."

கேமராவை அணைத்து முடுக்கினார். அது தன் வழக்கமான கேள்வியோடு வந்து நின்றது. எத்தனை எம்.எம்.? கீழே ஐந்நூறு. அக்காவின் கட்டைவிரல் ஆமாம் என்று அழுத்தப் போனது, பாதியில் நின்றது.

லென்ஸை எழுபதில் வைத்து, கேமராவிலும் எழுபது என்று போட்டார். இயந்திரம் ஒன்றுக்கு அவர் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். எழுத்துகள் தெளிந்தன. லென்ஸை இழுத்து இருநூற்றுப் பத்தில் நிறுத்தினார், எண்ணை மாற்றாமல் எடுத்தார். கொஞ்சம் கலங்கியது. எண்ணையும் இருநூற்றுப் பத்தாக்கினார். தெளிந்தது.

விஷயம் எளிதுதான். லென்ஸின் எம்.எம். கூடுதலாக இருந்தால் சின்னக் கை ஆட்டமும் படத்தில் பெரிதாகத் தெரியும்; அப்போது தகடும் அதிகமாக நகர வேண்டும். எவ்வளவு நகர்வது என்று கேமரா கணக்குப் போடுவது நாம் சொல்லும் எண்ணை வைத்து. எழுபதுக்கு ஐந்நூறு என்றால், ஒரு அடி சறுக்கியவரைப் பிடிக்கப் போய் ஏழடி இழுத்துத் தள்ளுகிற மாதிரி. சொன்னதை நம்பி அது ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

"அண்ணன்கிட்டச் சொல்லணும்கா" என்றேன்.

"தெரியும்" என்றார். செய்தித்தாளை அவசரப்படாமல் உரித்தார். பிறகு, "எப்படிச் சொல்றது?" என்றார். அவருக்கு அந்த வழக்கமே இல்லை.

அண்ணன் வந்ததும் அக்கா நேராக மேசைக்குப் போய் லென்ஸை அவர் முன் வைத்தார்.

"கண்ணாடி சரியாத்தான் இருக்கு. நான்தான் கேமராகிட்ட ஐந்நூறு எம்.எம்.னு பொய் சொல்லிட்டேன். அதான் படம் ஆடுச்சு."

அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார், அதில் சந்தோஷம் இல்லை.

"நல்ல கதை. பாவம்னு தோணிடுச்சா?"

"கதை இல்லங்க."

"தாடிகிட்ட நான் சொன்னதைக் கேட்டே. மனசு கேக்கல. சமாதானப்படுத்த இப்படி ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கே. எம்.எம். தெரியாத ஆளா நீ? கேமராகிட்டப் போய் யாராவது பொய் சொல்லுவாங்களா?"

உண்மையைச் சொல்லி நம்பவைக்க முடியாமல் அக்கா நின்றதை அன்றுதான் பார்த்தேன். கடைசியில் கோபம் வந்துவிட்டது.

"இத்தனை வருஷத்துல நான் எப்பவாவது உங்களுக்குச் சமாதானம் சொல்லியிருக்கேனா?"

அண்ணன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இல்ல" என்றார்.

"பின்ன இன்னைக்கு மட்டும் எதுக்குச் சொல்லப் போறேன்?"

அது கொஞ்சம் எடுபட்டது. அண்ணன் கேமராவை வாங்கினார். ஐந்நூறில் எடுத்தார், எழுபதில் எடுத்தார். அவர் கை நடுங்கியது, அக்கா இருந்ததால் இன்னும் நடுங்கியது. ஆனாலும் எழுபதில் எழுத்துகள் தெளிவாக விழுந்தன. அண்ணன் தலையை ஆட்டினார்.

"இது கேமராவோட சாமர்த்தியம். என் கை நடுக்கத்தையே மறைச்சிடுச்சு. இது எனக்குச் சாட்சி ஆகாது."

மேசைமேல் வைத்து எடுத்ததைக் காட்டினார் அக்கா. அண்ணன் பெரிதாக்கி, மூலை மூலையாகப் போனார். இடது பக்கக் கீழ் மூலையில் நின்றார்.

"இங்க மங்கல். பாரு. ஏதோ ஒண்ணைச் சாய்ச்சு வெச்சிருக்கேன்."

அக்கா திரைக்கு முன்பக்கம் போனார். ஸ்டூலில் ஏறி, சுவரில் இருந்த பெரிய நாடகப் படம் ஒன்றைச் சட்டத்தோடு கழற்றி, தூசியோடு கொண்டுவந்து மேசையில் சாய்த்தார். ஃபிலிம் காலத்தில் இதே லென்ஸில் எடுத்தது. இடது கீழ் மூலையில் ஒரு நாற்காலிக்கால் அதே மாதிரி மங்கியிருந்தது.

"வாங்கின அன்னையிலேருந்தே அந்த மூலை அப்படித்தான். கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான்னு அவன் செத்தப்போகூடச் சொன்னேன். உங்களுக்கு ஞாபகமில்லையா?"

அண்ணன் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடி மாறியிருந்தால் மங்கல் மாறியிருக்கும். தலைகீழாக வைத்திருந்தால் படம் முழுதுமே போயிருக்கும். பழைய குறை பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவர் விரல் அந்த நாற்காலிக்காலின் மேல் அப்படியே கிடந்தது.

"அப்போ நான் சரியாத்தான் மூடியிருக்கேன்."

"அதைத்தானே சொல்றேன்."

"அதே கண்ணாடிதானான்னு நீ கேட்ட கேள்வி?"

அக்கா சட்டத்தின் தூசியை முந்தானையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "கேட்டிருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான் வந்தது. பிறகு, "தாடிக்குப் போன் போட்டுட்டேன். லென்ஸைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கேன்" என்றார்.

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க."

தாடிக்காரர் சாயங்காலமே வந்தார். வீட்டைச் சுற்றுமுற்றும் பார்த்தார். இப்போது சந்தேகம் அவருக்கு. லென்ஸை வைத்துவிட்டு, காத்திருக்கட்டுமா என்றார். வேண்டாம் என்று அக்கா வாசல்வரை கூடவே போய் அனுப்பிவிட்டு வந்தார்.

அண்ணன் விளக்கின் கழுத்தை நிமிர்த்தினார். இழுப்பறையைத் திறந்து திருப்புளியை எடுத்தார். அக்கா தோளுக்குப் பின்னால் நின்றார்.

"நீ வெளிய போ. நீ பாத்துட்டே இருந்தா கை நடுங்குது."

"நான் சும்மாதானே நிக்கிறேன்?"

"நீ சும்மா நின்னதே இல்ல."

அக்கா திரைக்கு வெளியே வந்தார். நான் மாடிக்குப் போகாமல் கணினிப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, என் காதருகே சொன்னார்:

"தம்பி, கை எப்படி இருக்குன்னு எட்டிப் பாரு."

"நீங்களே பாருங்கக்கா."

"பாக்கக் கூடாதுன்னுட்டாரே."

உள்ளே பீங்கான் தட்டில் முதல் திருகு விழும் சத்தம் கேட்டது. அக்கா விரலை உதட்டில் வைத்து என்னை அடக்கிவிட்டு, அடுத்த சத்தத்துக்காகத் தலையைச் சாய்த்தார்.